தங்கபுஷ்பத்தின் தற்போதைய நிலை

டிசம்பர் 3

தில்லியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அருகிவரும் தாவரங்களை வகைப்படுத்தும் குழு எழுதியது. 'இண்டிகோஃபெரா தங்கபுஷ்பே' என்ற காட்டு அவுரியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் பார்க்கவில்லையாம். பிப்ரவரி 28க்குள் சான்று வராவிட்டால் 'அழிந்துவிட்டது' என்ற பட்டியலில் சேர்த்துவிடுவார்களாம். இனத்தைக் கண்டறிந்தவர் என்ற முறையில் என் கருத்து வரவேற்கப்படுகிறது.

முப்பத்தோரு ஆண்டு தாவரவியல் ஆசிரியர் பணியில் நான் கண்டறிந்த ஒரே இனம் அது. ஒன்று என்பது குறைவுதான். ஆனால் துறையில் மற்ற மூவரும் சேர்ந்து கண்டறிந்தது பூஜ்யம். முழங்கால் உயரப் புதர். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதான சிவப்புப் பூ. உடன்குடிக்கு மேற்கே, மேலச்சங்கன்விளைத் தேரியில், அந்தச் செம்மணல் மேட்டில் மட்டுமே வளர்வது. 1999இல் அதற்கு மனைவியின் பெயரை வைத்தேன். எங்கள் ஒன்பதாவது திருமண நாள் பரிசு. அவள் கேட்டிருந்தது கொடைக்கானல்.

தங்கபுஷ்பத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ நான் செத்துட்டேன்னு எழுதப் போறாவளாக்கும்?"

"பிப்ரவரி வரைக்கும் டயம் இருக்கு."

"சரி, அதுக்குள்ள எனக்கு அடுப்புல வேல கிடக்கு. பொறவு பேசுதேன்."

அவள் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருக்கிறாள். இன்னும் திரும்பவில்லை. பேரன் யூ.கே.ஜி. படிக்கிறான்.

டிசம்பர் 7

தேரிக்குப் போனேன். செடியைப் பாதுகாக்க 2006இல் வேலியடைத்த இருபது ஏக்கர் அங்கே இருக்கிறது. வனத்துறைக்கு நான் எழுதிய பதினொரு கடிதங்களின் பலன். ஆடு மேய்வதுதான் இந்த இனத்துக்கு ஒரே ஆபத்து என்று அவற்றில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருந்தேன். வாசலில் பலகை: 'அரிய தாவரம். ஆடு, மாடு, மனிதர் உள்ளே வரக் கூடாது.'

காவலர் செல்லையா பாண்டியன் சாவியோடு வந்தார். பூட்டு அசையவில்லை. கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்றேன்.

"நான் வேலைக்கு வந்து ஒம்பது வருசம் ஆவுது சார். தொறக்கச் சொல்லி ஆர்டர் வரலையே."

"உள்ளே செடி இருக்கா இல்லையான்னு பார்க்க வேண்டாமா?"

"காவல் காக்கத்தான் சார் ஆர்டர். பாக்க ஆர்டர் இல்ல."

ஓரிடத்தில் காற்று மணலை அரித்துக் கம்பிக்கு அடியில் பள்ளமாக்கியிருந்தது. அதன் வழியே தவழ்ந்து உள்ளே போனேன். இப்படி நுழைவது குற்றம் என்பதால் பாண்டியன் என் பெயரை நோட்டில் குறித்துக்கொண்டார். வேலி போட்ட நாளிலிருந்து அவர்கள் பிடித்த முதல் ஆள் நான்.

உள்ளே உடைமரமும் ஆளுயரப் புல்லும். அவுரி ஒன்றுகூட இல்லை. மணலைச் சலித்துப் பார்த்ததில் விதைகள் மட்டும் கிடைத்தன, கைநிறைய. பழைய விதைகள். விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன.

டிசம்பர் 8

மழை. இட்லி மாவு புளித்துவிட்டது.

டிசம்பர் 13

ஈரப் பஞ்சில் வைத்த அறுபது விதைகளில் ஒன்றும் முளைக்கவில்லை. கல்மாதிரி இருக்கின்றன.

மாடிப்படிக் கதவின் பூட்டுக்கு எண்ணெய் விட்டேன். 2015இல் தங்கபுஷ்பம் மாடிப்படியில் வழுக்கி விழுந்தபிறகு நான் போட்ட பூட்டு. அதன்பின் காய்கறியும் மீனும் வீட்டுக்கே வந்துவிடும்படி ஏற்பாடு செய்தேன். ஆலயப் பாடகர் குழுவின் பயிற்சி மாலையில் நடப்பதால் அதையும் விடச் சொன்னேன்; பஸ்ஸில் கூட்டம். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வெளியே போகவேண்டிய அவசியமே இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அந்த வீட்டிலிருந்து பிரசவத்துக்கென்று போனவள் ஏன் இன்னும் வரவில்லை என்பது மருத்துவரீதியாக எனக்குப் புரியவில்லை.

டிசம்பர் 19

வேலிக்கு வெளியே ஒரு பெண் நாற்பது ஐம்பது ஆடுகளோடு நின்றிருந்தாள். பெயர் முப்பிடாதி. வயது நாற்பத்தைந்து இருக்கும். நான் கம்பிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வருவதை ஆடுகள் ஆர்வத்தோடு பார்த்தன.

"என்னத்தத் தேடுதிய சார்? சாவி விழுந்துட்டா?"

செடியின் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். பார்த்த விதத்திலேயே தெரிந்தது, அடையாளம் தெரிந்துவிட்டது என்று.

"இது குட்டிப்பயறுல்லா. இதோட காஞ்ச நெத்துன்னா ஆட்டுக்குட்டி உசிர விட்டுத் திங்கும்."

"எங்கே இருக்கு?"

"சொன்னா?"

"பாதுகாக்கலாம்."

"அதாம் சொல்ல மாட்டேன். இங்க இருந்துச்சு, வேலி போட்டாவ. அங்க இருக்குன்னா அங்கயும் வேலி போடுவாவ. பொறவு என் ஆட்ட எங்க வானத்துலயா மேய்க்க? எவனோ ஒரு படிச்ச மவராசன் லெட்டர் மேல லெட்டரா போட்டானாம். அதுலதான் எங்களுக்குத் தேரி இல்லாமப் போச்சு. முப்பது ஆட்ட வித்தோம் அந்த வருசம்."

அந்தக் கடிதங்களின் ஆசிரியர் யார் என்று நான் சொல்லவில்லை. பேச்சு அந்தப் பக்கம் போகவில்லை.

டிசம்பர் 25

ஆலயத்துக்குப் போய்வந்தேன். பக்கத்து வீட்டில் பிரியாணி கொடுத்தனுப்பினார்கள்.

தங்கபுஷ்பம் போன் செய்தாள். "பண்டிகைக்காவது வந்திருக்கலாம்லா."

"நீ கூப்பிடலையே."

"நான் கூப்பிடல. பேரன் தேடுதான்னு சொல்லுதேன்."

களப்பணி இருப்பதைச் சொன்னேன். "ஆமா, என்னையத் தேடிக்கிட்டிருக்கியள்லா, நான் மறந்துட்டேன்," என்றாள். பின்னணியில் நிறையப் பெண்கள் சிரிக்கும் சத்தம். அவள் அங்கே முறுக்கு, அதிரசம் போட்டு விற்பதாகவும் நாலு பெண்கள் உடன் வேலை செய்வதாகவும் மகள் முன்பே சொல்லியிருக்கிறாள். பொழுதுபோக்கு என்று நினைக்கிறேன்.

ஜனவரி 4

விடைத்தாள் திருத்தினேன். ஐந்து மதிப்பெண் வினா: 'கடின விதையுறை கொண்ட விதைகள் இயற்கையில் முளைக்கும் விதத்தை விளக்குக.' ஒரு மாணவி எழுதியிருக்கிறாள்: 'ஆடு போன்ற விலங்குகள் காயைத் தின்னும்போது குடலில் விதையுறை இளகுகிறது. புழுக்கையோடு வெளிவரும் விதை எளிதில் முளைக்கும். அவரைக் குடும்பச் செடிகள் பலவற்றுக்கு இது பொருந்தும்.' மிகச் சரியான விடை. இருபத்தைந்து ஆண்டுகளாக நான் கொடுத்துவரும் குறிப்பு அது, வார்த்தை மாறவில்லை. ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

பஞ்சில் வைத்த இரண்டாம் தொகுதி விதைகளும் முளைக்கவில்லை. காரணம் பிடிபடவில்லை.

ஜனவரி 9

தங்கபுஷ்பம் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறாளாம். ஐம்பத்தைந்து வயதில். மகளிடம் என் கவலையைத் தெரிவித்தேன். "அப்பா, அம்மா லைசென்ஸே எடுத்தாச்சு," என்றாள்.

ஜனவரி 11

தேரியில் மூன்று மைல் நடந்தேன். கொல்லாமரமும் பனையும்தான். செடி இல்லை. திரும்பும்போது வேலியருகே முப்பிடாதியும் பாண்டியனும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாண்டியன் மரியாதை தெரிந்தவர். என்னைப் பெருமையோடு அறிமுகம் செய்துவைத்தார்.

"சாரத் தெரியும்லா? இந்த வேலியே சார் எழுதுன லெட்டர்ல வந்ததுதான். பதினொரு லெட்டர்."

முப்பிடாதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து அதற்கான பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் பக்கத்தில் நின்ற ஆட்டிடம் சொன்னாள்: "பாத்துக்க. இவுகதான் அது. மூஞ்சிய மறந்துராத."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதாகத்தான் நினைவு. தேரியில் காற்று அதிகம்.

ஜனவரி 18

முப்பிடாதிக்கு ஓர் உறுதிக் கடிதம் தயாரித்தேன். செடி இருக்கும் இடத்தைக் காட்டினால் அங்கே வேலி போடும்படி யாருக்கும் எழுதமாட்டேன் என்று கல்லூரியின் தாளில், முத்திரையோடு. கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"லெட்டர் எழுதுததுல நீங்க கெட்டிக்காரருன்னுதான் ஊருக்கே தெரியுமே சார்."

"வேறென்ன செய்யணும்?"

"அந்தப் பூட்டத் தொறந்து விடுங்க. நான் சொல்லுதேன்."

பூட்டைத் திறக்க வனத்துறைக்கு மனு எழுதினேன். பன்னிரண்டாவது கடிதம். வழக்கமாகப் பதில் வர இரண்டு ஆண்டு ஆகும் என்றார் பாண்டியன். நல்ல செய்திபோலச் சொன்னார்.

ஜனவரி 23

மின்சாரம் இல்லை. கஞ்சி.

பிப்ரவரி 2

இன்று முப்பிடாதியோடு வாக்குவாதம். இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கிறது, அதன்பிறகு இந்தச் செடி அழிந்துவிட்டதாக அச்சாகிவிடும் என்றேன்.

"அச்சடிச்சா அடிச்சிட்டுப் போட்டும். அதுக்காவ அது மொளைக்காமயா இருக்கப் போவுது? உங்களுக்கு ஏன் சார் இவ்வளவு ஆத்திரம்?"

செடிக்கு என் மனைவியின் பெயர் என்று சொல்லவேண்டி வந்தது. படத்தை மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"வீட்டம்மா பேரா? என்ன பேரு?"

"தங்கபுஷ்பம்."

"பூவு செவப்பால்லா இருக்கு."

"படத்தைப் பாத்துட்டு அவளும் அதைத்தான் சொன்னா."

"அவுக எங்க, வீட்டுலயா?"

"கோயம்புத்தூர்ல. மகளோட பிரசவத்துக்குப் போயிருக்கா."

"சந்தோசம். புள்ள என்ன புள்ள? எத்தன நாளாச்சு?"

"பையன். அஞ்சு வருஷம்."

முப்பிடாதி படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க தேட வேண்டிய எடம் கோயம்புத்தூருல்லா சார். இங்க என்னத்துக்கு மண்ணச் சலிக்கிய? சரி, வாங்க. பாவமா இருக்கு."

ஒரு கள ஆய்வில் எனக்குக் கிடைத்த ஒத்துழைப்புகளில் இதன் காரணம்தான் சற்றுச் சங்கடமானது.

தேரியை விட்டிறங்கி முக்கால் மைல். ஒருவருடைய முருங்கைத் தோட்டம். மரங்களுக்கு இடையே முழங்கால் உயரத்தில், பொட்டுப் பொட்டாகச் சிவப்புப் பூவோடு, எண்ண முடியாத அளவுக்கு நின்றது என் செடி. ஒரு மூலையில் தோட்டக்காரர் அதைக் களையென்று வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். எண்ணத் தொடங்கி மூன்று முறை கணக்கு தவறியது. வெயிலாக இருக்கலாம்.

"போன வருசத்துக்கு முந்தின வருசம் இங்கதான் கிடை போட்டோம்," என்றாள் முப்பிடாதி. அறுவடை முடிந்த நிலத்தில் ஆடுகளைக் கொஞ்ச நாள் அடைத்து வைப்பதுதான் கிடை. புழுக்கை நிலத்துக்கு உரம். "எங்க கிடை போட்டாலும் மழைக்குப் பொறவு இது வந்துரும். எங்க ஆடு கழியுதோ அங்கதான் மொளைக்கும். பச்சப் புள்ளைக்கும் தெரியும்."

கீழே குனிந்து ஒரு காய்ந்த புழுக்கையை உடைத்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு விதைகள். தோல் இளகியிருந்தது. மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளாக ஐந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"என்ன சார், தலைய சுத்துதா?"

"இல்லை. விடைத்தாள் ஞாபகம் வந்தது."

பிப்ரவரி 6

முருங்கைத் தோட்டத்திலும் இன்னும் மூன்று கிடை நிலங்களிலும் சேர்த்து 612 செடிகள். முப்பிடாதி கூடவே வந்து, நான் இரண்டு முறை எண்ணியவற்றைக் கழித்தாள். தோட்டக்காரர் இந்த ஆண்டு களை வெட்டாமலிருக்க ஒப்புக்கொண்டார். அதற்குப் பதிலாக அவருடைய முருங்கையில் கம்பளிப்பூச்சிக்கு நான் வழி சொல்ல வேண்டும். சொன்னேன். பலிக்கிறதா தெரியவில்லை.

பிப்ரவரி 12

அறிக்கைப் படிவத்தில் 'இனம் அருகியதற்கான காரணம்' என்ற கட்டம் இருக்கிறது. 2006இல் இதே கட்டத்தில் 'ஆடுகள்' என்று எழுதினேன். இப்போது முதல் வரைவு: 'பாதுகாக்கப்பட்ட பகுதியில் வேலி அமைக்கப்பட்டதன் விளைவாகப் புதிய செடிகள் முளைப்பது தடைப்பட்டது. இருந்த செடிகள் வயதாகி மடிந்தன.' நல்ல வாக்கியம். யார் அமைத்தார்கள் என்ற கேள்வியே எழாமல் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 15

இரண்டாம் வரைவு: 'அன்றைய அறிவியல் புரிதலின் அடிப்படையில் வேலி அமைக்கப்பட்டது.' அன்றைய அறிவியலுக்கும் இது தெரிந்துதான் இருந்தது. எழுதி அடித்தேன்.

பிப்ரவரி 17

மூன்றாம் வரைவைச் சகப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். "மே மாசம் ரிட்டயர்டு. இப்போ எதுக்கு சார் இதெல்லாம்? 612 கண்டுபிடிச்சீங்க, கைதட்டு வாங்கிட்டுப் போங்க. காரணத்தை விட்டுருங்க," என்றார். யோசனை நன்றாகத்தான் இருந்தது. காரணத்தை விட்டுவிட்டால் முருங்கைத் தோட்டத்துக்கும் வேலி வரும். மற்ற மூன்று கிடை நிலத்துக்கும் வரும். முப்பிடாதிக்கு வானம்தான் மிஞ்சும்.

பிப்ரவரி 20

நாலாம் வரைவு: 'இந்த இனத்துக்கு நேர்ந்த முதன்மையான ஆபத்து, அதைக் கண்டறிந்தவர். ஆடுகளை விலக்கி வேலி போடும்படி பதினொரு கடிதங்கள் எழுதியவர் அவரே. விதை முளைக்க ஆடு தேவை என்பது அவருக்குத் தெரியும், பாடமாகவும் நடத்திவந்தார். வேலிக்குள் ஆடுகளை மீண்டும் அனுமதிக்கவும், கிடை நிலங்களில் வேலி போடாதிருக்கவும் பரிந்துரைக்கப்படுகிறது.'

படித்துப் பார்த்தேன். யாரோ ஒரு முட்டாளைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. 'கண்டறிந்தவர்' என்பதற்குப் பக்கத்தில் என் பெயரைச் சேர்த்துக் கையெழுத்திட்டேன்.

பிப்ரவரி 24

வேலியின் பூட்டு துருவேறித் தானாகவே விழுந்துவிட்டதாகப் பாண்டியன் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார். பூட்டின்மேல் கல்லால் அடித்த தடம் இருந்ததாம். காற்றில் கல் பறந்து வந்திருக்கலாம் என்று குறிப்பிட்டிருக்கிறார்.

முப்பிடாதியின் ஆடுகள் உள்ளே போய்விட்டன. வெளியே விரட்ட ஆர்டர் இல்லை, காவல் காக்கத்தான் ஆர்டர் என்பதால் பாண்டியன் அவற்றையும் சேர்த்துக் காவல் காக்கிறார்.

என் வலது உள்ளங்கையில் கொப்புளம். காரணம் தெரியவில்லை. மஞ்சள் வைத்தேன்.

பிப்ரவரி 26

அறிக்கையும் உலர்த்திய செடி மாதிரியும் தில்லிக்கு அனுப்பியாயிற்று.

பிப்ரவரி 28

தங்கபுஷ்பமே போன் செய்தாள்.

"இன்னிக்குத்தான கடைசி நாளு? என் நிலைமை என்னாச்சு?"

"மிகவும் அருகிய இனம். ஆனா அழியலை. அறுநூத்திப் பன்னெண்டு இருக்கு."

"அட. எங்க கிடந்தேன்?"

"முருங்கைத் தோட்டத்துல. ஆட்டுப் புழுக்கைக்கு நடுவுல."

சிரித்தாள். இந்த வீட்டில் இருந்தபோது அவள் இப்படிச் சிரித்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அடுக்களைக் கதவு அப்போது சாத்தியிருந்ததால் சத்தம் என் அறைக்கு வராமல் இருந்திருக்கலாம்.

"வேலிக்குள்ள?"

"ஒண்ணுகூட இல்லை."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"காரணம் எழுதுனியளா?"

"எழுதினேன்."

"யாருன்னு?"

"பேரு போட்டு எழுதினேன்."

பின்னால் எண்ணெய்யில் எதுவோ பொரியும் ஓசை.

"பேரனுக்கு அடுத்த சனிக்கிழமை ஆண்டு விழா," என்றாள். "நான் கூப்பிடுதேன்."

மார்ச் 5

மாடிப்படிக் கதவின் பூட்டைக் கழற்றிவிட்டேன். துருப்பிடித்தால் அசிங்கமாக இருக்கும். முப்பிடாதி வழிக்கென்று கருப்பட்டி கொடுத்தாள். "அவுகளக் கூட்டிட்டு வரப் போறியளா?" என்று கேட்டாள். பார்க்கத்தான் போகிறேன் என்றேன். "அதாம் சரி," என்றாள்.

மார்ச் 8

கோயம்புத்தூர். ஆட்டோ பிடித்து வருகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். ரயில் நிலையத்துக்கு வெளியே தங்கபுஷ்பம் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். இளைத்திருக்கிறாள். முகம் வெயிலில் கறுத்திருக்கிறது. நன்றாக இருந்தாள்.

கருப்பட்டியையும், கண்ணாடிக்குள் சட்டம் போட்ட ஒரு கிளையையும் கொடுத்தேன். பூவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இருவத்தஞ்சு வருசம் கழிச்சு இப்பத்தான் கண்ணால பாக்கேன். இத்தினிக்கூண்டு."

"வறட்சி, மேய்ச்சல் எல்லாத்தையும் தாங்கும்," என்றேன்.

"தாங்கும் தாங்கும். ஏறுங்க."

பின்னால் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். பெரிய சாலையில் திரும்பியதும் வேகமுள் ஐம்பதைத் தொட்டது. ஒரு லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையே, இருப்பதாக எனக்குத் தோன்றாத ஒரு வழியில் புகுந்தாள். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். கொப்புளம் ஆறிவிட்ட வலது கையால் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.